கீரையும் குளிகையும்: மதுரையில் ஒரு பழைய வழக்கு

'இந்தக் காலத்துக் காய்கறியில் சத்தே இல்லை' என்ற வாக்கியத்தை மதுரைப் பக்கம் கேளாதவர் அரிது. மாட்டுத்தாவணிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்குபவரும் சொல்கிறார். மருந்துக் கடையில் துத்தநாக மாத்திரை வாங்குபவரும் சொல்கிறார். முன்னவர் உரத்தின் மேல் பழி போடுகிறார். பின்னவருக்கோ மாத்திரை வாங்க அந்த வாக்கியமே போதிய நியாயமாகிவிடுகிறது. காயா, மாத்திரையா என்னும் இவ்வழக்கு இந்த ஊருக்குப் புதிதன்று. அதன் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நமக்குப் பயன்படும்.

தொடக்கம் குன்னூரில். அங்குள்ள பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், 1918இல், பெரிபெரி நோயைப் பற்றிய விசாரணையாக ராபர்ட் மெக்காரிசன் தம் ஆய்வைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய நம் தென்னாட்டு உணவு மிகவும் பின்தங்கி நின்றது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற அய்க்ராய்ட், 1937இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை வெளியிட்டார். நம் கீரையிலும் தானியத்திலும் எவ்வளவு இரும்பு, எவ்வளவு சுண்ணாம்பு என்பது அதன்பிறகே எண்களாக நம் கைக்கு வந்தது.

எண்கள் அட்டவணையில் இருந்தன. குழந்தைகளின் கண்களோ அணைந்துகொண்டிருந்தன. மதுரை அரசு மருத்துவமனையில் கண் பிரிவை நடத்திவந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, வைட்டமின் ஏ குறைவு கண்ணில் காட்டும் அறிகுறிகளைக் குறித்து 1967இல் பிரிட்டனின் கண் மருத்துவ இதழில் எழுதினார். மாலைக்கண்ணில் தொடங்கும் அந்நோய் முற்றினால் கருவிழி கரைந்துவிடும். ஆக்ஸ்போர்டின் உயிர்வேதியியல் அறிஞர் அன்டனெட் பிரீ அவரோடு கைகோத்தார். 1970களின் தொடக்கத்தில் மதுரையில் ஓர் ஊட்டச்சத்து மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. மலிவாகக் கிடைக்கும் கீரையையும் பருப்பையும் கொண்டு குழந்தையைத் தேற்றுவதும், அதைத் தாய்க்குக் கற்றுத் தருவதுமே அதன் வழி. அந்த அனுபவத்தை வெங்கடசாமியும் பிரீயும் சகாக்களும் 1976இல் லான்செட் இதழில் எழுதினர். அரவிந்த் கண் மருத்துவமனை 11 படுக்கைகளோடு தோன்றியதும் அதே ஆண்டில்தான்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1970இல், மைய அரசு வேறு வழியைத் தொடங்கியிருந்தது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை 2 லட்சம் அலகு வைட்டமின் ஏ. ஒரே வாயில் ஊற்றிவிடலாம், சமைக்க வேண்டியதில்லை. இரு வழிகளுக்கும் நடுவே, அரவிந்த் குழுவினரான லட்சுமி ரஹ்மதுல்லாவும் சகாக்களும் திருச்சி மாவட்டத்தில் ஓர் ஆய்வு செய்தனர். 15,419 குழந்தைகள், ஓராண்டு, வாரம் ஒருமுறை சுமார் 8,300 அலகு என்ற சிறிய அளவு. சத்து பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்ததாக 1990இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்டது. நாம் கவனிக்க வேண்டியது, அந்த வார அளவு உணவிலிருந்தே பெறக்கூடிய ஓர் அளவு என்பதை. குழந்தையைக் காத்தது மருந்தாகக் கொடுக்கப்பட்டாலும், அளவில் அது உணவாகவே இருந்தது.

எனினும் கீரையின் கட்சியும் முழுமையாக வென்றுவிடவில்லை. கீரையின் கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் திறன், முன்பு எண்ணியதில் பாதிதான் என்று 2001இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் திருத்தியது. கொழுப்பின்றி அது உட்செல்லாது. இரும்புக்கும் துத்தநாகத்துக்கும் தானியத்திலுள்ள ஃபைட்டேட் தடை. எலுமிச்சையின் புளிப்பு இரும்பை ஏற்க உதவும். கடைந்த கீரையின் மேல் ஒரு கரண்டி எண்ணெய் விடும் நம் வீட்டுப் பழக்கத்துக்கு இதில் பொருள் உண்டு.

இனி, காயில் சத்துக் குறைந்துவிட்டதா என்ற கேள்வி. 2004இல் டொனால்ட் டேவிஸும் சகாக்களும் அமெரிக்காவின் 43 தோட்டப் பயிர்களின் 1950, 1999ஆம் ஆண்டு அட்டவணைகளை ஒப்பிட்டனர். சுண்ணாம்பு, இரும்பு உள்ளிட்ட ஆறு சத்துக்கள் குறைந்திருந்தன. மண் மலடாகியதைவிட, விளைச்சலுக்காகத் தேர்ந்த இரகங்களே காரணமாகலாம் என்றனர். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் 1840களிலிருந்து காத்துவைத்த கோதுமை மணிகளும் இதையே சொல்லின: மண்ணில் தாது குறையவில்லை, 1960களில் குட்டை இரகங்கள் வந்தபின் மணியில் குறைந்தது. வங்காளத்து வேளாண் அறிஞர்கள் பல பத்தாண்டு நெல் இரகங்களை ஒரே விதமாக வளர்த்துப் பார்த்ததில், 1960களின் இரகங்களில் கிலோவுக்கு 27.1 மில்லிகிராமாக இருந்த துத்தநாகம் 2000களின் இரகங்களில் 20.6 ஆயிற்று. இரும்பு 59.8இலிருந்து 43.1 ஆயிற்று.

ஆகவே 'பழைய மண்' என்னும் ஏக்கம் பாதி உண்மைதான். நீர் தேங்கும் சுண்ணாம்பு வயல்களில் துத்தநாகப் பற்றாக்குறை உண்டு. நெல்வயலுக்கு எக்டருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடுமாறு நம் வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. மறுபாதி, நாம் விளைச்சலை மட்டும் அளந்து விதையைத் தேர்ந்ததில் இருக்கிறது. துத்தநாகம் மிகுந்த டி.ஆர்.ஆர். தன் 45 என்ற நெல் 2016இல் ஹைதராபாதிலிருந்து வந்திருப்பதால், அத்தேர்வை மாற்ற இயலும் என்பதும் தெளிவு.

இதற்கிடையில் உப்பிலும் அரிசியிலும் இரும்பைக் கலக்கும் முயற்சிகள் வந்தன. தமிழ்நாடு உப்புக் கழகம் 2014இல் இரும்பும் அயோடினும் சேர்ந்த உப்பை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஆயினும் 2019-21இன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகையுடன் இருந்தனர். இந்த எண்ணிக்கைக்கு முன் குளிகையை ஏளனம் செய்வது, வயிறு நிறைந்தோரின் சொகுசு. அதே சமயம், குளிகை இருக்கிறதே என்று வரகையும் சாமையையும் முருங்கைக் கீரையையும் தட்டிலிருந்து நீக்கிவிடுவதும் சரியன்று. அவசரத்துக்குக் குளிகை, அன்றாடத்துக்குக் கீரை என்ற பிரிவினையை மதுரை மருத்துவர்கள் அன்றே நடைமுறையில் வகுத்துக் காட்டினர். காய்ந்த வயிற்றோடு வந்த குழந்தைக்கு முதலில் மருந்தும், பிறகு அதன் தாய்க்குச் சமையலும் தேவைப்பட்டன. இன்று மாத்திரை வாங்கும் நாம், அந்த இரண்டாவது பாடத்தைத்தான் விட்டுவிட்டிருக்கிறோம்.