கஞ்சித்தொட்டியும் இன்சுலினும்

ஸ்டான்லி மருத்துவமனைக்கு வடசென்னையில் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றும் பெயர். 1782இல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் அதன் வேர். அங்கேதான் 1948இல் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதலாவது என்பார்கள். பஞ்சத்தில் தப்பிப் பிழைத்த உடல் கிடைத்ததையெல்லாம் கொழுப்பாகச் சேர்த்துவைக்கப் பழகியது, வயிறாரச் சோறு கிடைத்த காலத்தில் அந்தப் பழக்கமே சர்க்கரை நோயானது என்று இதற்கு ஒரு கதை கட்டலாம். ஜேம்ஸ் நீல் 1962இல் முன்வைத்த சிக்கன மரபணுக் கருதுகோள் அதற்குத் தோதாக வந்து உட்காரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கருதுகோள் இன்னும் கருதுகோள்தான். வடசென்னை ராயபுரத்தின் ஆவணங்கள் காட்டுவது வேறு: வேறு நாட்டு உடல்களில் அளந்து எழுதிய பாடத்தை இங்குள்ளவர்களின் உடலில் மறுபடி அளந்து பார்த்ததால்தான் இந்தப் பகுதி நீரிழிவு ஆய்வில் இடம்பிடித்தது.

முதல் உரசல் தட்டில் நிகழ்ந்தது. 1922இல் டொரொன்டோவில் இன்சுலின் முதன்முதலாக நோயாளிக்குச் செலுத்தப்படும்வரை, அமெரிக்காவில் பிரெடெரிக் ஆலன் வகுத்த பட்டினி வைத்தியமே பெரிதாகப் பேசப்பட்டது. இன்சுலின் வந்த பிறகும் மாவுச்சத்தின் மேல் இருந்த சந்தேகம் விலகவில்லை. முட்டை, இறைச்சி, வெண்ணெய் என்று நிரப்பிய பத்தியப் பட்டியலை ராயபுரத்தில் யாரிடம் நீட்டுவது? துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரின் சாப்பாடு சோறு. அதன்மேல் கொஞ்சம் கருவாட்டுக் குழம்பு. சோற்றை எடுத்துவிட்டால் தட்டில் மிஞ்சுவது எதுவுமில்லை. 1954இல் ராயபுரம் மேற்கு மாதா கோயில் தெருவில் மருத்துவமனை தொடங்கிய விஸ்வநாதன், பின்னர் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகுந்த, கொழுப்பு குறைந்த உணவை வகுத்துக் கொடுத்தார். பருப்பு, கீரை, காய் எல்லாம் அதில் கூடுதல். கென்டக்கியில் ஜேம்ஸ் ஆண்டர்சனும் 1970களில் அதே திசையில்தான் போய்க்கொண்டிருந்தார். ஆகவே இது ஏழைக்காகச் செய்துகொண்ட சமரசம் மட்டும் அல்ல. உடலியல் நியாயமும் அதற்கு இருந்தது.

இரண்டாவது உரசல் புரதத்தில். இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். அவற்றின் வரிசையை பிரெடெரிக் சாங்கர் கண்டறிந்து 1958இல் நோபல் பரிசு பெற்றார். கணையம் அதை நேரடியாகச் செய்வதில்லை. நீளமான புரோஇன்சுலினைச் செய்து, நடுத்துண்டை வெட்டியெடுக்கிறது. சி-பெப்டைடு எனப்படும் அந்தத் துண்டும் இன்சுலினும் சம எண்ணிக்கையில் ரத்தத்தில் இறங்குகின்றன. ஊசியில் போடும் இன்சுலினில் சி-பெப்டைடு கிடையாது. எனவே ஊசி போட்டுக்கொள்பவரிடமும் சொந்தக் கணையம் எவ்வளவு வேலை செய்கிறது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். இந்த அளவீட்டுக்கு வெப்பநாடுகளில் ஒரு புதிர் காத்திருந்தது: ஒருவகை நீரிழிவு நோயாளிகள். இளவயது, மெலிந்த உடல், கணையத்தில் கற்கள், கட்டுக்கடங்காத சர்க்கரை. இருந்தும் இன்சுலின் இல்லாதவர்களைக் கொல்லும் கீட்டோன் நச்சு இவர்களுக்கு அவ்வளவாக வருவதில்லை. வி. மோகன், ஏ. ராமச்சந்திரன், உயிர்வேதியியலாளர் சி. ஸ்நேகலதா ஆகியோர் சென்னையில் சி-பெப்டைடை அளந்தபோது, அந்தக் கணையத்தில் ஓரளவு இன்சுலின் இன்னும் மிச்சமிருப்பது தெரிந்தது. சர்க்கரையைக் கட்டுப்படுத்த அது போதாது, கீட்டோனைத் தடுக்கப் போதும். மரவள்ளிக்கிழங்கே காரணம் என்ற அன்றைய கருத்தும் இங்கே பொருந்தவில்லை. மரவள்ளி சாப்பிடும் வழக்கமே இல்லாதவர்களுக்கும் நோய் இருந்தது.

மூலக்கூறு எங்கும் ஒன்றுதானே, டொரொன்டோ இன்சுலின் ராயபுரத்தில் வேலை செய்யாமலா போயிற்று என்று கேட்கலாம். கேள்வி சரி. மூலக்கூறு ஒன்றுதான், அது போய்ச் சேரும் உடல் ஒன்றல்ல. 2002இல் வெளியான அமெரிக்கத் தடுப்பு ஆய்வில் மெட்ஃபார்மின் 850 மில்லிகிராம், நாளைக்கு இரு வேளை. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட இந்திய ஆய்வில் 250 மில்லிகிராம், அதே இரு வேளை. நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்றாண்டு தொடர்ந்ததில், வெறும் பொது அறிவுரை பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. அந்தச் சிறு அளவு மருந்து எடுத்தவர்களில் 40.5 சதவீதம், உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39.3. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. அமெரிக்கப் பாடத்தை அப்படியே நகலெடுத்திருந்தால் மூன்று மடங்குக்கு மேல் மாத்திரை கொடுத்திருப்போம்.

உணவு விஷயத்தில் எதிர்வாதம் இன்னும் கனமானது. 2022இல் மோகனும் ஆர். எம். அஞ்சனாவும் இடம்பெற்ற குழு, 18,090 பேரின் உணவை ஆராய்ந்து, நீரிழிவு தணிய வேண்டுமானால் மாவுச்சத்து மொத்தச் சக்தியில் ஏறத்தாழ பாதிக்கு இறங்க வேண்டும், புரதம் 20 சதவீதத்தை ஒட்டி ஏற வேண்டும் என்றது. மோகன், விஸ்வநாதனின் மகன். தந்தை தட்டில் இருக்கவிட்ட சோற்றில் மகன் கைவைக்கிறார் என்றால் பழைய பத்தியம் தவறா? ஒரு பகுதி தவறுதான் என்றே நினைக்கிறேன். நார்ச்சத்து மிகுந்த உணவு என்ற பரிந்துரையில் நார் உதிர்ந்து, மாவு மட்டும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. தீட்டிய வெள்ளை அரிசி மலிவு. கீரையும் பருப்பும் அப்படியில்லை. வேலையும் மாறிவிட்டது. 1992இல் ராமச்சந்திரன் குழு வெளியிட்ட கணக்கில் சென்னை நகரத்தில் நீரிழிவு 8.2 சதவீதம், கிராமத்தில் 2.4. மூட்டை தூக்கியவருக்கு ஏற்ற தட்டு, கிரேன் ஓட்டுபவருக்கு ஏற்றதாக இராது. இப்போது கேட்கும் புரதமோ இன்னும் விலை கூடியது. காசிமேட்டு மீனே எண்ணூர்க் குப்பத்து வீட்டில் தினமும் வேகும் என்று எண்ணிவிட முடியாது; நல்ல மீன் விலைபோகும் இடம் வேறு.

இலவச அரசு மருத்துவமனையில் தொடங்கிய ஆய்வு தனியார் மருத்துவமனைக்குப் போய், 1991க்குப் பிறகு மோகனுடன் கோபாலபுரத்துக்கும் கிளை விட்டது. அறிவு வளர்ந்தது, ஆனால் அதை விலைகொடுத்து வாங்க முடியாதவர்கள் ராயபுரத்திலும் எண்ணூரிலும்தான் இருந்தார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. பருப்பும் மீனும் அந்தப் பையில் வருவதில்லை.