எத்தனையாவது வரை? ஜவ்வாது மலைக் குடும்பங்களும் பள்ளியை விடும் வயதும்

ஜவ்வாது மலையில் ஒரு பிள்ளையின் வயதைக் கேட்டால் பெரும்பாலும் வகுப்புதான் பதிலாக வரும். “எட்டாவது போகுது” என்பார்கள்; “பத்தாவதோட நின்னுட்டான்” என்பார்கள். பிறந்த தேதியைத் தேடினால் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டுக்குத்தான் போக வேண்டும். முந்தைய தலைமுறைக்கு அந்தத் தேதியும் ஆசிரியர் போட்டதே. பிள்ளை வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆயிற்று என்று கொண்டு, பள்ளி திறக்கும் ஜூனையொட்டி ஒரு நாளை எழுதிவிடுவார்கள். அந்த நாளே பிறகு குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் ஏறி, பதினெட்டு எப்போது நிறைகிறது என்பதையும் தீர்மானித்தது.

வயதை வகுப்பால் சொல்லும் அந்தப் பேச்சு வழக்கே இக்கட்டுரைக்குத் திறவுகோல். பிள்ளை பள்ளியை விடும் பருவத்தில் அரசிடமிருந்து குடும்பத்துக்கு வருவதில் எது நிற்கிறது, எது தொடங்குகிறது? இதற்குப் பிரிட்டன் பிறந்தநாளை வைத்துப் பதில் சொல்கிறது. 1945ஆம் ஆண்டின் சட்டப்படி 1946 ஆகஸ்டு முதல் அங்கே இரண்டாம் பிள்ளை தொடங்கி ஆளுக்கு வாரம் 5 ஷில்லிங் குடும்பப் படி தரப்பட்டது. அதன் வாரிசான இன்றைய பிள்ளைப் படி, 16 வயது நிறைந்தபின் வரும் ஆகஸ்டு 31 அன்று நின்றுவிடும். பிள்ளை படிப்பைத் தொடர்ந்தால் 20 வயதுக்குள் நீளும். தமிழ்நாட்டில் அப்படித் தனியாக ஒரு பிள்ளைப் படி இருந்ததில்லை. குடும்பத்துக்கு வர வேண்டியது பள்ளியின் வழியாக, சோறாகவும் துணியாகவும் புத்தகமாகவும் விடுதிப் படுக்கையாகவும் வந்தது. ஆகவே அது நிற்பதும் வகுப்புக் கணக்கில்தான்.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இம்மலையின் மக்கள் பெரும்பாலோர் மலையாளிகள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள், கேரளத்தோடு தொடர்பில்லாதவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் இவர்களுக்கே, ஏறத்தாழ 3.58 லட்சம். அதே கணக்கில் மாநில எழுத்தறிவு 80 விழுக்காடு, பழங்குடியினரின் எழுத்தறிவு 54 விழுக்காடு. சாமை விதைப்பு, புளி, பலா, தேன், கடுக்காய் ஆகியவற்றுக்குப் பிறகு ஆண்டில் மிஞ்சும் மாதங்களுக்குக் கேரளத்துக்கும் குடகுக்கும் தோட்ட வேலைக்குப் போவது பல வீடுகளின் வழக்கம்.

அந்த மாதங்களில் பிள்ளைகளை எங்கே விடுவது? இதற்கு விடையாகத்தான் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியை மலைக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு. பாடத்தைவிட முதலில் அவர்களுக்குப் புரிந்தது, வீட்டு அடுப்பிலிருந்து ஒரு வாய் குறைகிறது என்பதுதான். விடுதி மாணவர் ஒருவருக்கான மாத உணவுத் தொகை 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாக உயர்ந்தது. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் விடுதியில் இருந்தால் மாதம் 4,200 ரூபாய் மதிப்புள்ள உணவு அந்த வீட்டுக் கணக்கில் சேருகிறது. யார் கையிலும் காசாக வராததால் இதை யாரும் உதவித்தொகை என்று சொல்வதில்லை. பிள்ளை பள்ளியிலிருந்து நின்ற மறுநாள் சாமைப் பானையின் அளவு கூடும்போதுதான் அதன் எடை தெரியும்.

சோற்றின் எல்லை நகர்ந்த வரலாறு பலரும் அறிந்தது. 1956இல் காமராஜர் ஆட்சியின் மதிய உணவு தொடக்கப் பள்ளியோடு நின்றது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு முதலில் சிறுபிள்ளைகளுக்காகவே வந்தது. 1984 செப்டம்பரில் 15 வயது வரை நீண்டது. இன்றும் அது பத்தாம் வகுப்போடு முடிகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று வந்த காலை உணவு ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஐந்து, பத்து என்ற இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. திருமண உதவியிலும் அவை திரும்ப வரும்.

சட்டத்தின் எண் வேறு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை என்கிறது. தாமதமாகச் சேர்ந்த பிள்ளைக்கு 14 கடந்தாலும் எட்டாவது முடியும் வரை இலவசக் கல்வி உண்டு என்று அதன் 4ஆம் பிரிவு சொல்வது மலைக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 14இல்தான் கோடு போடுகிறது. அதற்குக் கீழே, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதும் கலைஞராக நடிப்பதும் தவிர, எந்த வேலையும் கூடாது. 14 முதல் 18 வரை ஆபத்தான வேலை மட்டும் கூடாது. வளர்ந்தவருக்கு வர வேண்டியதோ 18இல்தான் தொடங்கும். நூறு நாள் வேலைக்கு வழி செய்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் வேலை அட்டையில் வயது வந்தோருக்கே வேலை தந்தது. இடையில் நான்கு ஆண்டுகள். பிள்ளை என்ற பெயரில் வர வேண்டியதும் நின்று, ஆள் என்ற பெயரில் வர வேண்டியதும் தொடங்காத நான்கு ஆண்டுகள் அவை.

மலையில் இந்த இடைவெளி தொடங்குமிடம் பெரும்பாலும் எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவில். நடுநிலைப் பள்ளி ஊருக்குப் பக்கத்தில் இருக்கலாம்; உயர்நிலைப் பள்ளிக்கு வேறு ஊர் போக வேண்டும், மேல்நிலைக்கு ஜமுனாமரத்தூருக்கோ புதூர்நாட்டுக்கோ கீழே சமவெளிக்கோ. எட்டாவது மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்த பிள்ளை அதை அடுத்த பள்ளியில் கொடுக்கிறதா, வீட்டு மச்சுப் பெட்டியில் வைத்துவிடுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த இடத்தைப் பிற்காலத் திட்டங்கள் அடையாளம் கண்டுகொண்டன, ஆனால் மெதுவாக. பத்தாவதுக்கு மேல் படிப்போருக்கான மத்திய உதவித்தொகை பட்டியல் சாதியினருக்கு 1944இலும் பழங்குடியினருக்கு 1948இலும் வந்தது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பழங்குடி மாணவருக்கு அத்தகைய தொகை 2012 ஜூலையில்தான் வந்தது. மேலே ஏறியவனுக்குப் படி வைத்து 64 ஆண்டுகள் கழித்துக் கீழ்ப்படி கட்டியிருக்கிறார்கள். இடையில் தமிழ்நாடு 2011-12 முதல் இடைநிற்றலைத் தடுக்க ஊக்கத்தொகை கொடுத்தது: பத்தாவதுக்கும் பதினொன்றாவதுக்கும் தலா 1,500, பன்னிரண்டாவதுக்கு 2,000, ஆக 5,000 ரூபாய். ஆனால் அது வைப்பில் இருந்து, பன்னிரண்டாவது முடித்த பிறகே கைக்கு வரும். நடுவில் நிற்கத் துடிக்கிற வீட்டுக்குத் தேவைப்படுவது இந்த மாதக் காசு. பதினொன்றாவதில் தரும் சைக்கிளைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலைச் சரிவில் அதில் ஏறிப் போவதைவிட அதைத் தள்ளிக்கொண்டு போவதே மிகுதி.

இவற்றையெல்லாம்விட மலை வீடுகளில் அதிகம் பேசப்பட்டது மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம். 1989இல் கருணாநிதி அரசு 5,000 ரூபாயோடு தொடங்கியது. மணப்பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். எட்டாவது வரை படித்திருக்க வேண்டும். பிறகு அந்தத் தகுதி பத்தாவதாக உயர்ந்தது. பழங்குடிப் பெண்ணுக்கு மட்டும் ஐந்தாவது போதும். தொகை படிப்படியாக 25,000 ஆயிற்று. 2011இல் தாலிக்கு 4 கிராம் தங்கமும், பட்டமோ பட்டயமோ பெற்றவர்களுக்கு 50,000 ரூபாயும் சேர்ந்தன. 2016இல் தங்கம் 8 கிராம் ஆனது.

இதில் இரண்டு விஷயங்கள் கவனத்துக்குரியவை. முதலாவது, இது சமவெளி வழக்கத்தை மனத்தில் வைத்துச் செய்த திட்டம். பெண் வீட்டார் நகை போட்டுச் சீர் செய்து கடன்படும் ஊர்களுக்கு அது பொருந்தும். மலையாளிகளிடம் பரியம் கொடுப்பது மாப்பிள்ளை வீடு. அங்கே பெண்ணைப் பெற்றவர்களுக்கு அரசு தங்கம் கொடுத்தபோது, இல்லாத ஒரு செலவுக்கான ஈடு மலை ஏறி வந்தது. சமவெளி வழக்கம் மலைக்குள் நுழைந்த பல வாசல்களில் இதுவும் ஒன்று என்று சொன்னால் மிகையாகாது.

இரண்டாவது, ஐந்தாவது என்ற சலுகை. எழுத்தறிவு குறைந்த சமூகத்துக்கு வரம்பைத் தாழ்த்தியது நியாயமே. ஆனால் அது ஒரு கணக்கையும் கற்றுக்கொடுத்தது. பெண் ஐந்தாவது முடித்துவிட்டால் அரசு கேட்ட படிப்பு முடிந்தது. மீதி 18 வயது வரை காத்திருப்பு. பத்து வயதில் தகுதி பெற்று எட்டு ஆண்டு சும்மா இருந்தாலும், அந்த ஆண்டுகளை மேலும் படித்துக் கழித்தாலும், பட்டமோ பட்டயமோ எட்டாதவரை தொகை ஒன்றே. நல்லெண்ணத்தில் வைத்த தாழ்வான வரம்பு ஏணியின் முதல் படியிலேயே பரிசை வைத்துவிட்டது. இளவயதுத் திருமணத்தை 18 வயது நிபந்தனை ஓரளவு தள்ளிவைத்திருக்கலாம்; பள்ளியில் தங்கவைக்க அதனால் முடிந்திருக்காது. 1992இல் வந்த பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம் இந்தப் பிழையைச் செய்யவில்லை. அதில் வைப்புத் தொகை முதிர 18 வயதும் பத்தாவது பொதுத்தேர்வு எழுதியதும் சேர்ந்தே வேண்டும். ஆனால் ஆண் வாரிசு இருக்கக் கூடாது, பெற்றோரில் ஒருவர் கருத்தடை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் ஒரு மகனாவது வேண்டும் என்றிருந்த வீடுகளை வாசலிலேயே நிறுத்தின.

2022 மார்ச் 18 அன்று நிதிநிலை அறிக்கையில் திருமண உதவித் திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. செப்டம்பர் 5 அன்று ‘புதுமைப் பெண்’ தொடங்கியது. ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் பெண்ணுக்குப் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் வரும். உண்டு உறைவிடப் பள்ளியும் அரசுப் பள்ளியே என்பதால் மலைப் பெண்களுக்குத் தடையில்லை.

மாற்றத்தின் அளவை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் தெரியும். அக்காவும் தங்கையும் பத்தாவதோடு நின்றவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அக்காவுக்கு 2019இல் திருமணம். ஐந்தாவதே போதுமென்றிருந்ததால் 25,000 ரூபாயும் 8 கிராம் தங்கமும் அவளுக்குரியவை. தங்கைக்கு 2023இல் திருமணம். அதே படிப்புக்கு ஒன்றுமில்லை. அவள் கல்லூரிக்குப் போயிருந்தால் மூன்றாண்டில் 36,000 ரூபாய் கிடைத்திருக்கும், அதுவும் தகப்பன் கையில் படாமல். பழங்குடிப் பெண்ணுக்கான எல்லை ஒரே அறிவிப்பில் ஐந்தாவதிலிருந்து பள்ளிக்கு அப்பால் தாவியது. திசை சரியானது என்பதே என் கருத்து. ஆனால் சமவெளிப் பெண்ணுக்குப் பத்தாவதிலிருந்து ஒரு தாவல், மலைப் பெண்ணுக்கு ஐந்தாவதிலிருந்து. அந்த வேறுபாட்டுக்குப் புதிய திட்டத்தில் ஈடு இல்லை.

பையன்களின் கதை வேறு. அவர்களுக்குத் திருமண உதவியும் இல்லை, வைப்புத் தொகையும் இல்லை. பத்தாவதுக்கு முன்பே நின்றவனுக்கு மலையில் காத்திருந்தது, ஆந்திரக் காட்டில் செம்மரம் வெட்டப் போவதற்கான முன்பணம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேர் இறந்தார்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. மாதத்துக்குச் சில நூறு ரூபாய் உதவித்தொகையை மொத்தமாக வரும் கூலியோடு ஒப்பிட்டு ஒரு பதினேழு வயதுப் பையன் என்ன முடிவெடுப்பான் என்பதை விளக்கத் தேவையில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ மாதம் 1,000 ரூபாயோடு 2024 ஆகஸ்டு 9 அன்றுதான் வந்தது.

எல்லைகள் நகர்ந்தாலும் அவற்றைக் கடக்கக் காகிதம் வேண்டும். பழங்குடிச் சாதிச் சான்றிதழ் தாசில்தார் கையில் இல்லை. கோட்டாட்சியர் விசாரித்துத் தர வேண்டும். அதற்கு மலை இறங்க வேண்டும். ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போகும், பெரும்பாலும் ஒரு தடவையில் முடியாது. வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆசிரியர் போட்ட அந்த ஜூன் தேதிக்கும் வேறொரு அட்டையில் ஏறிய தேதிக்கும் ஒரு நாள் வேறுபட்டாலும் பணம் நிற்கும்.

புதுமைப் பெண்ணில் ஒரு பக்கவாசல் உண்டு. பத்தாவது முடித்துப் பட்டயப் படிப்பிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ சேர்ந்தாலும் அந்த 1,000 கிடைக்கும். அரசுத் தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களுக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் தனியே உண்டு. ஜமுனாமரத்தூரிலேயே அப்படியொரு நிலையம் இருக்கிறது. பத்தாவது முடித்த பெண் மலையை விட்டு இறங்காமலே மாதம் 1,750 ரூபாய் வாங்கலாம். சத்துணவு நின்றுபோகும் அதே வகுப்பில் இது தொடங்குகிறது. சான்றிதழ்ப் பை சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.