கடன்பட்ட உள்ளம்: ரஸ்கோல்னிக்கோவும் 1860களின் பீற்றர்ஸ்பேர்க்கும்

காப்பியத் தலைவன் தனக்கு நிகரில்லாதவனாக விளங்குதல் வேண்டும் என்பது பண்டை அணியிலக்கண நூலார் வகுத்த விதி. பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல் இவ்விதியைத் தலைகீழாக்கிற்று. 1866 ஆம் ஆண்டில் 'ருஷ்யத் தூதன்' என்னும் இதழிலே தொடராக வெளிவந்த தொஸ்தோயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' இதற்குத் தக்க சான்றாகும். அதன் தலைவன் ரஸ்கோல்னிக்கோவ் அடகு பிடிக்கும் முதியவள் ஒருத்தியையும், எதிர்பாராது அங்கு வந்துவிட்ட அவளுடைய தங்கையையும் கோடரியால் கொன்றவன். இத்தகைய எதிர்நாயகன் எவ்வாறு உருவாகிறான்? சூழல் அவனை ஆக்கியதா, உறவுகள் ஆக்கினவா, அன்றி அவனே தன்னை ஆக்கிக்கொண்டானா? இவ்வினா அக்கால ருஷ்ய சமுதாயத்தின் வினாவுமாகும்.

1861 இல் ருஷ்யாவிற் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஆயினும் விடுதலை பெற்ற குடியானவர் தமக்குக் கிடைத்த நிலத்துக்கு 49 ஆண்டுகள் மீட்புப் பணம் செலுத்தக் கட்டுப்பட்டனர். அடிமைத்தளை அறுந்த இடத்திற் கடன்தளை பூட்டப்பட்டது எனலாம். பிழைப்புத் தேடிப் பலர் நகரை நாடினர். கொலை நிகழும் வீட்டிற் சுவருக்கு வர்ணம் பூசும் மிக்கோல்காவும் அவ்வாறு கிராமத்திலிருந்து வந்தவனே. வைக்கோற் சந்தைச் சதுக்கத்தைச் சூழ்ந்த மதுக்கடைகளும், நெருக்கமான வாடகை வீடுகளும், கோடை வெப்பமும் புழுதியும் நாவலில் வெறும் பின்னணியாக அமையவில்லை. கூரையின் கீழுள்ள, சவப்பெட்டியை நிகர்த்த சிற்றறையில் நாட்கணக்காக முடங்கிக் கிடப்பவனுக்கு எண்ணமே உலகமாகிவிடுகின்றது.

பல்கலைக்கழகச் சூழலும் கருதத்தக்கது. கட்டண விலக்குகளைக் குறைத்த புதிய விதிகளை எதிர்த்து 1861 இல் மாணவர் கிளர்ந்தெழுந்தனர். பீற்றர்ஸ்பேர்க் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. பிரபுக்களுமல்லாத, குடியானவருமல்லாத கல்வி கற்ற வறிய இளைஞர் கூட்டமொன்று அக்காலத்தில் உருவாகியிருந்தது. ரஸ்கோல்னிக்கோவ் பணமின்மையாற் கல்வியை இடைநிறுத்தியவன். அவன் நண்பன் ரசுமீஹினும் அவ்வாறே. ஆனால் ரசுமீஹின் மொழிபெயர்த்தும் பாடஞ் சொல்லிக்கொடுத்தும் வாழ்கிறான். மற்றவனோ கோடரியை எடுக்கிறான். வறுமை ஒன்றாயிருக்க விளைவு வேறானமைக்குக் காரணம் யாது?

விடையின் ஒரு பகுதி உறவுகளிற் கிடைக்கின்றது. தாயின் கடிதத்திற் கணக்கே மேலோங்கி நிற்கிறது. அவளுடைய ஓய்வூதியம் ஆண்டுக்கு 120 ரூபிள். அதனை ஈடுகாட்டிக் கடன் வாங்கி 15 ரூபிளை மகனுக்கு அனுப்பியிருந்தாள். தங்கை தூனியா தன் வேலைக்கு முற்பணமாக 100 ரூபிள் பெற்று, அதில் 60 ஐ அவனுக்கு அனுப்பினாள். அக்கடன் காரணமாகவே அவமதிப்பு நேர்ந்தபோதும் வேலையை விட்டு விலகமுடியாதவளானாள். இப்போது அவன் எதிர்காலத்தை முன்னிட்டே விரும்பாத ஒருவனை மணக்க இசைகிறாள். கடிதத்தின் ஒவ்வொரு வரியும் அன்பே. ஆயின் அவ்வன்பு, திருப்பிச் செலுத்த இயலாத கடனாகவே மகன் நெஞ்சில் இறங்குகின்றது. வீட்டுக்காரியிடம் 115 ரூபிளுக்கு அவன் எழுதிக்கொடுத்த பத்திரம் வேறு உளது. அடகுக்காரியோ ரூபிளுக்கு மாதம் 10 கொப்பெக் வட்டியை முன்கூட்டியே கழிப்பவள். எல்லா உறவுகளும் கடனாகிவிட்ட உலகில், கடனின் கண்கண்ட வடிவமாக அவள் அவனுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

எனினும் கடன்பட்டோர் யாவரும் கொலைஞராவதில்லை. அசாதாரண மனிதர்க்கு அறவரம்பைக் கடக்கும் உரிமை உண்டு என்ற கோட்பாட்டை அவன் கட்டுரையாகவே எழுதியிருந்தான். மூன்றாம் நெப்போலியன் எழுதிய சீசரின் வரலாறு 1865 இல் வெளிவந்து, மாமனிதர் பற்றிய விவாதத்தை ஐரோப்பாவிற் கிளப்பியிருந்த வேளை அது. நாவல் வெளிவரத் தொடங்கிய அதே சனவரியில் மொஸ்கோவில் டனிலோவ் என்ற மாணவன் வட்டிக்குப் பணங்கொடுப்போன் ஒருவனையும் பணிப்பெண்ணையும் கொன்றான். ஏப்பிரலில் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டிருந்த கரக்கோசோவ் சார் மன்னனைச் சுட முயன்றான். கற்பனை காலத்தோடு எத்துணை நெருங்கி நின்றது என்பதற்கு இவை சான்றாகும்.

குற்றங்களுக்கெல்லாம் சூழலே காரணம் என்ற வாதத்தை ரசுமீஹின் நாவலுக்குள்ளேயே எள்ளி நகையாடுகிறான். சூழலின் பங்கு பெரிதே என விசாரணையாளர் போர்பீரி மறுத்துரைக்கிறார். ஆசிரியர் இருவரையும் பேசவிட்டமை கருத்தூன்றி நோக்கற்பாலது. 1849 இற் கைதாகி, ஒம்ஸ்க் சிறையில் நான்காண்டுகள் குற்றவாளிகளோடு வாழ்ந்தவர் அவர். 1864 இல் மனைவியையும் தமையனையும் இழந்து, தமையனின் கடன்களையும் சுமந்தவர். கடன் மனிதனை எவ்வளவு நெருக்கும் என்பதை அறிந்திருந்தும், நெருக்கடியை அவர் மன்னிப்பாக்கவில்லை.

மீட்சியும் உறவின் வழியே வருகின்றது. குடும்பத்தின் பசி சோனியாவைத் தெருவுக்குத் தள்ளியது. தூனியாவைப் போல் அவளும் பிறர்க்காகத் தன்னை ஈந்தவளே. எனினும் ரஸ்கோல்னிக்கோவ் அவளிடம் எதுவும் வாங்கியவனல்லன். ஆகவே அவன் முதன்முறையாகக் கடன்காரனாக அன்றி மனிதனாக ஒருத்தியின் முன் நிற்க முடிகின்றது. நீதிமன்றத்திலும் உறவுகளே சாட்சி கூறுகின்றன. காசநோயுற்ற சக மாணவனை அவன் தன் கைப்பணத்தாற் பேணியமையும், தீயிலிருந்து இரு குழந்தைகளைக் காத்தமையும் எடுத்துரைக்கப்பட, தண்டனை எட்டாண்டுக் கடூழியமாகக் குறைகின்றது. கொலைக்கு முன்னரே அவனுள் வேறொரு மனிதன் இருந்தான் என்பதே அச்சாட்சியத்தின் பொருள்.

'ரஸ்கோல்' என்னும் ருஷ்யச் சொல் பிளவைக் குறிக்கும். சூழல் அவனை நெருக்கியது. உறவுகள் அவன்மீது சுமையாயின. ஆயினும் அவ்வுறவுகளிலிருந்து தன்னை வெட்டிக்கொண்டது அவன் கையே. சமுதாயத்தின் பொறுப்பும் தனிமனிதன் பொறுப்பும் ஒன்றையொன்று அழிப்பனவல்ல என்பதை இவ்வெதிர்நாயகன் வாயிலாக அந்நாவல் நிறுவுகின்றது.