இன்கா மலைப்பாதையும் நன்னன் மலைப்பாதையும்

தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டில், கூஸ்கோவில் இருந்து போகும் ரயில் பாதையின் 104-வது கிலோமீட்டரில் ஒரு சின்ன நிறுத்தம் இருக்கிறது. ஊர் ஒன்றும் இல்லை. ஆனாலும் தினமும் அங்கே வெளிநாட்டுக்காரர்கள் இறங்குகிறார்கள். உருபம்பா ஆற்றைக் கடந்து, மலைச்சரிவில் ஏறி, வின்யாய் வைனா என்ற இடிந்த ஊரைப் பார்த்துவிட்டு, இன்டி புங்கு என்னும் 'சூரிய வாசலை' அடைந்தால் கீழே மச்சு பிச்சு தெரியும். ஒரே நாள் நடை. நான்கு நாள் நடக்க முடியாதவர்களுக்கு இந்தக் குறுக்கு வழி!

இந்தப் பாதையில் அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் கால் வைக்க முடியாது. 2001-ல் கொண்டுவரப்பட்ட கட்டுப்பாடுகளில் அது முக்கியமானது. நான்கு நாள் பாதையில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. அதிலும் சுமார் 200 பேர்தான் பயணிகள். மீதி எல்லோரும் வழிகாட்டிகள், சுமை தூக்குபவர்கள், சமையல்காரர்கள். அதாவது ஒரு பயணி மலை ஏறினால் ஒன்றுக்கும் மேற்பட்ட உள்ளூர்க்காரருக்குச் சம்பளம் கிடைக்கிறது.

சரி, இதற்கும் திருவண்ணாமலைக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது.

கல் உண்டு, எழுத்து இல்லை

மச்சு பிச்சு 15-ஆம் நூற்றாண்டின் நடுவில், பச்சாகுட்டி என்ற இன்கா அரசர் காலத்தில் எழுந்தது. சுண்ணாம்பும் இல்லாமல் மண்ணும் இல்லாமல், கல்லோடு கல்லைப் பொருத்திக் கட்டிய சுவர்கள் இன்றும் நிற்கின்றன. இன்காக்கள் போட்ட சாலைகளின் மொத்த நீளம் 30,000 கிலோமீட்டருக்கும் மேல். அந்தச் சாலை வலைக்கு 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கொடுத்தது.

ஆனால் இவ்வளவு பெரிய பேரரசுக்கு எழுத்து கிடையாது. கயிற்றில் முடிச்சுகள் போட்டுக் கணக்கு வைத்தார்கள். அதற்குக் கீப்பு என்று பெயர். எந்த ஊரில் எவ்வளவு சோளம், எத்தனை ஆள் என்பது அந்தக் கயிற்றில் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஸ்பானியர் படையெடுப்புக்குப் பிறகு மெல்ல இல்லாமல் போனார்கள். எண்களை ஓரளவு இன்று படிக்கிறார்கள். கதைகள் அவற்றில் இருந்தனவா என்பதே விவாதமாக இருக்கிறது.

அதனால் மச்சு பிச்சுவில் நிற்பவருக்குக் கல் தெரியும், கதை தெரியாது. அந்தக் கதையைச் சொல்லத்தான் வழிகாட்டி வேண்டும். 1911 ஜூலை 24 அன்று அமெரிக்கப் பேராசிரியர் ஹிராம் பிங்காம் அங்கே போனதும் தானாகப் போனதில்லை. மெல்சோர் ஆர்தியாகா என்ற உள்ளூர் விவசாயி ஒரு சோல் காசுக்கு அவரை அழைத்துப் போனார். மேலே ஏற்கெனவே குடியானவர்கள் இன்காக்களின் படிக்கட்டு வயல்களில் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டுச் சிறுவன் ஒருவன்தான் இடிபாடுகளைச் சுற்றிக் காட்டினான். 'கண்டுபிடித்தவர்' என்று உலகம் பிங்காமைச் சொல்கிறது. வழி காட்டியவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

எழுத்து உண்டு, கல் இல்லை

இப்போது திருவண்ணாமலைக்கு வரலாம். ஊரில் இருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் பர்வதமலை இருக்கிறது. தென்மாதிமங்கலம் வழியாகவும் ஏறலாம், கடலாடி வழியாகவும் ஏறலாம். உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும். பௌர்ணமி என்றால் கூட்டம் அலைமோதும். முதலில் படிகள், அப்புறம் கரடுமுரடான பாறை, கடைசியில் பாறையில் அடித்த கடப்பாறைகளையும் சங்கிலியையும் பிடித்துக்கொண்டு ஏறும் செங்குத்தான இடம். கீழே பார்த்தால் தலை சுற்றும்.

ஏறுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இது சிவன் மலை. அது சரிதான். ஆனால் இந்த மலைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பத்துப்பாட்டின் கடைசி நூலான மலைபடுகடாத்தில் வரும் நவிரமலை இதுதான் என்பது அறிஞர் பலர் கருத்து. நவிர மலையில் குடிகொண்ட கடவுளை அந்த நூல் நஞ்சை உண்ட கடவுள் என்று குறிப்பிடுகிறது. அதாவது சிவன்! நூலில் வரும் செங்கண்மா இன்றைய செங்கம். நூலில் வரும் சேயாறு செங்கம் வழியாக இன்றும் ஓடும் செய்யாறு.

பாட்டின் தலைவன் நன்னன் சேய் நன்னன். சேய் என்றால் மகன். நன்னனின் மகன் நன்னன். மாங்காய்க்காக ஒரு பெண்ணைக் கொன்றதாகச் சங்கப் பாடல்களில் பழி சுமக்கும் நன்னன் கொங்கணத்துப் பக்கத்து ஆள். பெயர் ஒன்றாக இருப்பதால் இருவரையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். மொத்தம் 583 அடிகள். உ.வே.சாமிநாதையர் 1889-ல் பத்துப்பாட்டை அச்சில் பதிப்பித்தார். ஓலைச்சுவடிகளைத் தேடி அவர் அலையாமல் இருந்திருந்தால் இந்த மலையின் பழைய கதையும் கீப்பு மாதிரி ஊமையாகப் போயிருக்கும்.

நன்னனின் அரண்மனை எங்கே? இல்லை. பர்வதமலையில் உள்ள கோட்டைச் சிதைவுகளை மக்கள் நன்னன் கோட்டை என்று சொல்கிறார்கள். அது மக்கள் வழக்கு. சங்க காலக் கட்டடங்கள் பெரும்பாலும் மண், செங்கல், மரம் கொண்டு எழுந்தவை. அவை மழைக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடிக்கவில்லை. இன்காக்களிடம் கல் மிஞ்சியது, சொல் மிஞ்சவில்லை. நன்னனிடம் சொல் மிஞ்சியது, கல் மிஞ்சவில்லை.

பாட்டாக வந்த வழிகாட்டி

மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர் உண்டு. ஆற்றுப்படுத்துதல் என்றால் வழிப்படுத்துதல். நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்பும் ஒரு கூத்தன், வறுமையோடு எதிரில் வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்தைப் பார்க்கிறான். "நன்னனிடம் போங்கள், இப்படி இப்படிப் போங்கள்" என்று வழி சொல்கிறான். இவ்வளவுதான் நூல்.

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இது ஆச்சரியமான விஷயம். ஒரே தொழில் செய்பவர்கள் இருவர். ஒருவனுக்கு நல்ல வாடிக்கையாளர் கிடைத்திருக்கிறார். இன்றைய உலகத்தில் அந்த விலாசத்தைப் போட்டியாளருக்கு யாராவது சொல்வார்களா? இந்தக் கூத்தன் விலாசம் மட்டுமல்ல, வழியில் எங்கே சோறு கிடைக்கும், எங்கே கால் வழுக்கும் என்பது வரை சொல்கிறான்.

அவன் சொல்லும் எச்சரிக்கைகளில் சில:

தினைப்புனத்தின் பக்கம் காட்டுப்பன்றிக்காகப் பொறி வைத்திருப்பார்கள். அதனால் இருட்டில் நடக்காதீர்கள், விடிந்த பிறகு போங்கள்.

பாம்பு பதுங்கும் குழிகள் உண்டு. இடத்தைக் கவனித்து, சுற்றிப் போங்கள்.

பரண் மேல் இருப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள். அது எமன் மாதிரி வரும். அவசரப்படாமல் மரங்களின் மறைவில் நடங்கள்.

காட்டாற்றுப் பாதை வழுக்கும். கொடிகள் சுற்றிய பிடிமானத்தைப் பற்றிக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் காத்தபடி கடந்து போங்கள்.

இரவாகிவிட்டால் குகையில் சொந்த வீடு மாதிரி தங்குங்கள்.

மலைக்குடியிருப்பில் யார் வீட்டுக்கும் தயங்காமல் போகலாம். நன்னனின் கூத்தர் என்றால் போதும். தினைச்சோறும் இறைச்சியும் தருவார்கள்.

கடப்பாறைப் படியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஏற்றிவிடும் பௌர்ணமிக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் ஒன்றும் புதிதாகத் தோன்றாது. பன்றிப் பொறியும் கவண்கல்லும்தான் போயின. மழையில் வழுக்கும் பாறையும் திடீரென்று பெருகும் ஓடையும் அப்படியே இருக்கின்றன.

எல்லாவற்றிலும் அழகான யோசனை ஒன்று உண்டு. பாதை பிரியும் இடத்தில் சரியான வழியைத் துடைத்துச் சுத்தம் செய்து, புல்லை முடிந்து அடையாளம் வையுங்கள் என்கிறான். பின்னால் வருபவர்கள் ஊருக்குப் புதியவர்கள், வழி தெரியாது அல்லவா! அதாவது வழி கேட்டுப் போகிறவனே அடுத்தவனுக்கு வழிகாட்டி ஆகிவிட வேண்டும்.

பெயர் மறந்த கல்

மலைபடுகடாம் வழியில் நடுகற்களையும் சொல்கிறது. போரில் பின்வாங்காமல் இறந்தவர்களுக்குப் பெயர் பொறித்து நட்ட கற்கள். அங்கே யாழை மீட்டிப் பாடிவிட்டு விரைந்து கடந்து போங்கள் என்கிறான் கூத்தன்.

இது வெறும் கவிக்கற்பனை இல்லை. தமிழ்நாட்டிலேயே நடுகற்கள் அதிகமாகக் கிடைத்த வட்டாரங்களில் ஒன்று செங்கம். 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை, இரா.நாகசாமியின் முயற்சியில், இவற்றைத் தேடிப் படித்து நூலாக வெளியிட்டது. கிடைத்தவை நன்னனுக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவை. பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கற்கள் பல. எடுத்தனூரில் கிடைத்த ஒரு கல் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சி ஆண்டைச் சேர்ந்தது. மாடுபிடிச் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றதாம். 1,400 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த மண் இது!

இந்தப் பக்கத்து நடுகற்கள் பலவற்றை மக்கள் வேடியப்பன் என்ற பெயரில் கும்பிடுகிறார்கள். அதனால்தான் அவை பிழைத்தன என்றே சொல்ல வேண்டும். கும்பிடாத கல் படிக்கல்லாகவும் துவைக்கும் கல்லாகவும் போகும். ஆனால் வேடியப்பன் என்று கும்பிடுகிறவர்களுக்குக் கல்லில் உள்ள வீரனின் பெயர் தெரியாது. சாமி மிஞ்சியது, ஆள் மறந்துபோனான். பர்வதமலைக்கும் நடந்தது அதுதான். மல்லிகார்ஜுனரைத் தெரியும், நன்னனைத் தெரியாது.

பக்தி பாதுகாக்கும், ஆனால் விளக்கிச் சொல்லாது. விளக்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

என்ன செய்யலாம்?

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி 40 பாதைகளை அறிவித்தது. பழங்குடி மற்றும் மலையோரக் கிராம இளைஞர்களைப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்தது. 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மண் சரிந்து ஒரே வீட்டில் 7 பேர் இறந்த பிறகு, அந்த ஆண்டு தீபத்துக்குப் பொதுமக்களை மலை ஏற விடவில்லை. மலை ஆபத்தானது என்பதை அரசும் மக்களும் பட்டுப் பட்டுத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

கூத்தன் இதைத்தான் தன் காலத்திலேயே சொன்னான். எப்போது ஏறக் கூடாது, எங்கே எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிள்ளைகளை எப்படி அழைத்துப் போக வேண்டும். அறிவும் பாதுகாப்பும் அவனிடம் தனித்தனியாக இல்லை. மலையைத் தெரிந்தவன் கதையும் சொன்னான், எச்சரிக்கையும் சொன்னான்.

பெருவில் கதை தெரியாத கற்களைக் காட்டி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன. இங்கே 583 அடிகளில் கதை கையில் இருக்கிறது. தென்மாதிமங்கலத்திலும் கடலாடியிலும் பத்து இளைஞர்களுக்கு மலைபடுகடாத்தைப் பொருளோடு சொல்லிக் கொடுத்தால் போதும். ஏறும்போது எங்கெங்கே நிறுத்தி எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கு நூலே வரிசை வைத்திருக்கிறது. அவர்களுக்கும் ஒரு வருமானம். ஏறுகிறவர்களுக்கும் ஒரு பாதுகாப்பு. சாமி கும்பிட வருபவர்கள் கும்பிட்டுவிட்டு, கூடவே நன்னனையும் தெரிந்துகொண்டு இறங்கலாம்.

அதுவரைக்கும், அடுத்த முறை பர்வதமலை ஏறுகிறவர்கள் கிளம்பும் முன் மலைபடுகடாத்துக்கு ஓர் எளிய உரையை வாங்கி ஒரு தடவை படித்துவிட்டுப் போகலாம். பாதி மலையில் மூச்சு வாங்க உட்காரும்போது பக்கத்தில் இருப்பவருக்கு அதில் ஒரு செய்தி சொன்னாலும் போதும். அந்தக் காலத்தில் புல்லை முடிந்து வைத்தார்கள். இந்தக் காலத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாமே!