கஞ்சா உரிமமும் ஏலக்காரர்களும்

கே.கே. நகரில் நெடுநாளாகக் குடியிருப்போருக்குக் குலுக்கல் என்பது அறியாத சொல் அன்று. வீட்டுவசதி வாரியம் உருவாக்கிய நகர் இது. வீடுகள் குறைந்து விண்ணப்பங்கள் மிகும்போது சீட்டு எடுத்துத் தீர்ப்பது வாரியத்தின் வழக்கம். பெயர் வராதவர் வருந்துவார். ஆயினும் அடுத்தவரின் பணப்பை தம்மை வென்றுவிட்டது என்று சொல்லமாட்டார். அரசு உரிமம் வழங்கும் ஒவ்வொரு பொருளிலும் இந்த வினா உண்டு. வாசலில் நிற்போருள் யாரை உள்ளே விடுவது? கஞ்சாவின் வரலாற்றில் அதற்குக் கிடைத்த விடைகளை இங்கே நோக்குவோம்.

கஞ்சாவுக்கு உரிமமா என்று நேயர்கள் முகம் சுளிக்கலாம். போதை ஹராம் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அரசுகளின் வரவு செலவு எப்போதும் மார்க்கத்தைக் கேட்டு நடந்ததில்லை. எகிப்தின் மம்லூக் சுல்தான் பைபர்ஸ் 1266இல் ஹஷீஷ் குத்தகையை ஒழித்தார் என்கிறது வரலாறு. ஒழித்தார் என்றால் அதுவரை இருந்தது என்பதுதானே பொருள்!

நம் நாட்டிலும் குத்தகைதான் ஆண்டது. 1886ஆம் ஆண்டின் மதராஸ் அப்காரிச் சட்டம் கள், சாராயத்தோடு கஞ்சாவையும் அரசின் பிடிக்குள் கொண்டுவந்தது. சில்லறைக் கடை நடத்தும் உரிமை ஏலத்துக்கு வந்தது. ஏலத்தில் ஒழுக்கம் பார்ப்பதில்லை, தொகை பார்ப்பார்கள். கூடுதலாகக் கேட்டுக் கடையை எடுத்தவன் கொடுத்த தொகையை மீட்க வேண்டுமானால் கூடுதலாக விற்றாக வேண்டும். குடிமக்களின் போதையைக் கட்டுப்படுத்துவதாகச் சொன்ன அரசே அதை வளர்க்கும் அவசரத்தை விற்பனையாளனின் கையில் கொடுத்தது.

இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் எழுந்த கேள்வியின் பேரில் 1893இல் இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் அமைந்தது. மாக்வொர்த் யங் தலைவர். ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த ஆணையம் 1894இல் அறிக்கை தந்தது. முழுத்தடை வேண்டாம், உரிமம் பெற்றோர் மட்டுமே பயிரிடட்டும், வரி கூடட்டும், கடைகள் குறையட்டும் என்பது அதன் முடிவு. நம் வட ஆர்க்காட்டு ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் கஞ்சா பயிரிட்டதும் அதன் பார்வைக்கு வந்தது. உரிமம் ஏட்டிலும் பயிர் மலையிலும் இருக்க, இலாபம் யாருடையது என்ற கேள்விக்கு அந்தப் பெரிய அறிக்கையில் தனி இடம் இல்லை.

அதற்கு விடை தேடியவர்கள் வட வங்கத்து நவுகாவ் குடியானவர்கள். முஸ்லிம்கள் மிகுந்து வாழும் பகுதி அது. அங்கே கஞ்சா பயிரிட ஆண்டுதோறும் அரசின் உரிமம் வேண்டும். வேறெங்கும் பயிரிடக் கூடாது. உரிமம் உழவன் பெயரில் இருந்தது. விலையோ தரகர் சொன்னபடி நடந்தது. 1917இல் கஞ்சா உழவர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. விளைச்சலை உறுப்பினர்களிடமிருந்து தானே பெற்று விற்று, இலாபத்தில் பள்ளிகளையும் மருந்தகங்களையும் நடத்தியது. பொருள் எதுவாயினும், உரிமம் பெற்ற எளியவனை ஏய்க்கவிடாமல் காக்க அவர்கள் கண்ட ஏற்பாடு அது. வங்கதேச அரசு 1987இல் அந்தச் சாகுபடியையே நிறுத்திவிட்டது.

சென்னை மாகாணத்தில் 1937இல் வந்த மதுவிலக்குச் சட்டம் போதைப் பொருள்களையும் தடுத்தது. 1948இல் அது மாகாணம் முழுமைக்கும் ஆயிற்று. 1971இல் மதுவிலக்கை ஒத்திவைத்தவர் இந்த நகருக்குத் தம் பெயரைத் தந்த முதலமைச்சர்தாம். கஞ்சாவுக்கோ கதவு திறக்கவில்லை. 1985ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடையை இறுக்கியது. அதன் 10ஆம் பிரிவு கஞ்சா சாகுபடியை அனுமதித்து ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு வைத்திருக்கிறது. 14ஆம் பிரிவு நாருக்கும் விதைக்குமான சாகுபடிக்கு இடம் தருகிறது.

அந்த வழியில் 2018இல் உத்தரகண்ட் முதல் உரிமத்தை வழங்கியது. பெற்றது ஒரு தொழில்துறைச் சங்கம். செடியில் போதைச் சத்து 0.3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. பாட்டன் காலத்திலிருந்து நாருக்கும் விதைக்கும் மலைவாழ் உழவன் வளர்த்து வந்த நாட்டுச் செடியோ பெரும்பாலும் அந்த எல்லைக்குள் அடங்காது. புதிய விதை வாங்க வசதியுள்ளவனுக்கே உரிமம் பயன்படும். ஏலம் இல்லை; ஆனாலும் பணப்பை வேறொரு வாசலில் வந்து நிற்கிறது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் இவ்விஷயத்தில் நல்லெண்ணத்தோடு தொடங்கியது. கஞ்சா வழக்குகளில் சிறைப்பட்டோருக்கும், கைது மிகுந்த ஏழைப் பகுதியினருக்கும் கூடுதல் மதிப்பெண் தருவது என்பது சட்டம். 2020இல் 75 கடை உரிமங்களுக்கு 900க்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். முழு மதிப்பெண் பெற்றுக் குலுக்கலுக்குத் தகுதி அடைந்தோர் 21 பேரே! முன்னாள் படைவீரரைப் பங்காளியாகக் கொள்ளாதவர் முழு மதிப்பெண்ணை எட்டவே முடியாதபடி விதி அமைந்திருந்தது. நலிந்த பகுதி மக்களை ஊழியராக வைத்துக்கொண்டால் போதும், உரிமையாளர் செல்வந்தராக இருந்தாலும் சலுகை கிடைக்கும் என்ற ஓட்டையும் இருந்தது. வழக்குகள் எழுந்தன. 2021இல் சட்டமன்றம் விதிகளைத் திருத்தி, மேலும் 110 உரிமங்களுக்கு வழிசெய்தது. அவ்வாண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் மூன்று குலுக்கல்கள் நடந்தன. அவற்றில் ஒன்று, கஞ்சா வழக்கில் சிக்கியோருக்கும் நலிந்த பகுதியினருக்கும் உரியது. ஊழியரைக் காட்டித் தகுதி பெற்றவர்க்கு அதில் இடம் தரப்படவில்லை.