அன்றன்று எழுதிய ஏடுகள்

வரலாறு என்றதும் கல்வெட்டும் செப்பேடுமே பலர் நினைவுக்கு வருகின்றன. கல்வெட்டு மன்னன் அளித்த கொடையைச் சொல்லும். செப்பேடு அவன் குலமுறை கிளத்தும். அவன் ஆண்ட ஊரின் கடைத்தெருவில் அன்று மக்கள் எதைப் பேசிக்கொண்டனர், எந்தச் செய்தி கேட்டு அஞ்சினர் என்பனவற்றை அவை பெரும்பாலும் சொல்வதில்லை. அவற்றை நாம் அறிய வேண்டுமாயின், கண்டதையும் கேட்டதையும் அன்றன்றே ஒருவர் எழுதி வைத்திருத்தல் வேண்டும். அவ்வாறு எழுதிய இருவரைப் பற்றியும், எழுதப்படாமலே மறைந்த ஒரு பெருங்கூட்டத்தைப் பற்றியும் ஈண்டுச் சிறிது சிந்திப்போம்.

புதுவைத் துபாஷி

ஆனந்தரங்கப் பிள்ளை 1709ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர். தந்தை திருவேங்கடம் பிள்ளையோடு இளமையிலேயே புதுச்சேரிக்கு வந்து, வணிகத்தில் வளர்ந்து, ஆளுநர் துய்ப்ளேயின் நம்பிக்கைக்கு உரியவரானார். தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் 1746ஆம் ஆண்டில் காலமான பின்னர், அப்பதவி பிள்ளைக்குக் கிட்டியது. பிரெஞ்சுக் கும்பினியாருக்கும் நாட்டு மக்களுக்கும் இடையே நின்றவர் அவர். இரு பக்கத்துச் செய்தியும் அவர் காதில் விழுந்தன.

அச்செய்திகளை அவர் காற்றில் விட்டுவிடவில்லை. 1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், அதாவது நள ஆண்டு ஆவணி மாதத்தில், ஒரு நாட்குறிப்பைத் தொடங்கினார். தாம் பார்த்தவை, பிறர் சொல்லக் கேட்டவை, கப்பல்களின் வரவு செலவு, ஊரில் நிகழும் புதுமைகள் ஆகியவற்றை எழுதப் போவதாகத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். இடையிடையே சில பகுதிகள் நமக்குக் கிடைக்கவில்லை எனினும், 1761ஆம் ஆண்டு சனவரியில் அவர் மறையும் காலம் வரை இப்பணி தொடர்ந்தது. அவர் கண்மூடிய சில நாட்களிலேயே, சனவரி 16ஆம் நாள், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது.

இந்நூலின் தனிச்சிறப்பு யாது? எழுதுபவருக்கு நாளைய செய்தி தெரியாது என்பதே அது. 1746ஆம் ஆண்டில் லாபூர்தொன்னே சென்னையைக் கைப்பற்றினார். அந்நகரைப் பணம் பெற்றுக்கொண்டு விடுவிப்பதா, வைத்துக்கொள்வதா என்று அவருக்கும் துய்ப்ளேக்கும் பெரும் பூசல் மூண்டது. 1748ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் சென்னை ஆங்கிலேயரிடமே திரும்பிவிட்டதை நாம் அறிவோம். பிள்ளை அதனை அறியார். ஆகவே அவர் ஏட்டில் அன்றைய ஆசையும் அச்சமும் வதந்தியும் சூடு ஆறாமல் இருக்கின்றன. முடிவு தெரிந்த பின் எழுதுபவர்க்கு இச்சூடு வாய்ப்பது அரிது.

1748ஆம் ஆண்டில் பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆளுநரிடம் அத்துணைச் செல்வாக்குப் பெற்றிருந்தும், பிள்ளையால் அதனைத் தடுக்க முடியவில்லை. அந்த மனவேதனையையும் அவர் ஏட்டிலேயே கொட்டினார். அதிகாரத்தின் அருகில் இருப்பவன் எவ்வளவு ஆற்றலற்றவனாகவும் இருக்கக்கூடும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

பிள்ளையிடம் குறைகளும் உண்டு. தம் புகழைப் பிறர் பேசியதாக விரித்து எழுதுவார். தமக்குப் பிடிக்காதவர்களை, குறிப்பாகத் துய்ப்ளேயின் மனைவியாரை, கடுமையாகச் சாடுவார். சாதிப்பற்றும் சகுன நம்பிக்கையும் அவரை விட்டு நீங்கவில்லை. எனினும் இவையும் நமக்குச் சான்றுகளே. அவர் காலத்து மனிதர் எப்படி எண்ணினர் என்பதை அக்குறைகளே காட்டுகின்றன.

இந்த ஏடுகள் 1846ஆம் ஆண்டில் கலுவா மோன்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரரின் முயற்சியால் வெளிப்பட்டன. பின்னர்ச் சென்னை அரசாங்கத்தார் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். தமிழ் மூலம் தொகுதிகளாக அச்சேறத் தொடங்கியதோ 1948ஆம் ஆண்டில்தான். தமிழர் ஒருவர் தமிழில் எழுதிய நூலை ஆங்கிலம் அறிந்தோர் முதலில் படித்தனர். தமிழ் மட்டும் அறிந்தோர் மேலும் நாற்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்தனர். எழுதி வைத்ததைப் போற்றுவதிலும் நாம் பின்தங்கியிருந்தோம் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மலாக்கா முன்ஷி

இனி நம் மண்ணுக்கு வருவோம். முன்ஷி அப்துல்லா 1796ஆம் ஆண்டில் மலாக்காவில் பிறந்தவர். அவர் முன்னோரில் ஏமன் நாட்டு அரபியரும் நாகூர்த் தொடர்புடைய தமிழ் முஸ்லிம்களும் உண்டு. இளமையில் அவரைத் தமிழ் கற்க அனுப்பினார்கள். அந்நாளைய மலாக்காவில் வணிகக் கணக்குக்குத் தமிழ் பயன்பட்டதும், நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் அதனைக் கற்பது வழக்கமாயிருந்ததும் அவர் எழுத்தினாலேயே நமக்குத் தெரிகின்றன. நம் மொழி இந்நாட்டில் பெற்றிருந்த நிலைக்கு இஃது ஒரு சிறந்த சான்றன்றோ!

1838ஆம் ஆண்டில் அப்துல்லா சிங்கப்பூரிலிருந்து கிளந்தானுக்குக் கடற்பயணம் மேற்கொண்டார். அங்கே உள்நாட்டுச் சண்டை நடந்துகொண்டிருந்தது. வழியில் பகாங்கிலும் திரெங்கானுவிலும் கண்டவற்றையும், கிளந்தானில் கண்டவற்றையும் எழுதி, அவ்வாண்டிலேயே நூலாக்கினார். பயணத்தின் சுவடு மறையுமுன் எழுதப்பட்ட நூல் அது.

அவருடைய தன்வரலாறு வேறு வகை. அதனை அவர் 1840 முதல் 1843 வரை எழுதினார். 1849ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் அச்சாயிற்று. 1807ஆம் ஆண்டில் மலாக்காக் கோட்டையை ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்ததை அதில் விவரிக்கிறார். இன்று எஞ்சி நிற்கும் கோட்டை வாயிலைப் பார்த்தவர்கள் அந்தப் பகுதியைப் படித்தால் மெய்சிலிர்ப்பர். ஆயினும் சிறுவனாய்க் கண்டதை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதுகிறார் என்பதை மறத்தலாகாது. 1819ஆம் ஆண்டில் இராபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கியதையும் அவர் பிறர் வாயிலாகக் கேட்டே எழுதினார். அப்போது அவர் அங்கிருந்தவர் அல்லர்.

நாட்குறிப்பு உயர்ந்தது, நினைவுக் குறிப்பு தாழ்ந்தது என்பது நம் கருத்தன்று. நாட்குறிப்பு நிகழ்ச்சியைக் காக்கும். நினைவுக் குறிப்பு அதன் பொருளைத் தேடும். ஒன்று மற்றொன்றுக்குத் துணை. இரண்டும் இல்லாதவிடத்து நேர்வது என்ன?

எழுதப்படாத பாதை

1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதை போட்டனர். அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் அங்கே வருத்தப்பட்டனர். அவர்களுள் இறந்தோர் 12,000க்கு மேற்பட்டோர். அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக ஆசியத் தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் வற்புறுத்தியும் அழைத்துச் செல்லப்பட்ட தமிழர் அவர்களுள் பல்லாயிரவர்.

கைதிகளுள் ரொனால்ட் சர்ல் என்னும் ஓவியர் ஒருவர் இருந்தார். 1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரில் பிடிபட்ட அவர், சாங்கியிலும் இரயில் பாதையிலும் தாம் கண்டவற்றை அகப்பட்ட தாள்களில் வரைந்தார். அகப்பட்டுக்கொண்டால் தலை போகும். ஆகவே காவலர் அணுக அஞ்சும் காலரா நோயாளிகளின் படுக்கைக்கடியில் அவற்றை மறைத்து வைத்தார். அவ்வோவியங்கள் இன்று இலண்டனிலுள்ள போர்க் காட்சியகத்தில் இருக்கின்றன. வேறு கைதிகளும் மருத்துவர்களும் மறைவில் நாட்குறிப்பு எழுதினர். இறந்தவர் பெயரைப் பட்டியலிட்டனர். அதனால் அவர்களுடைய கல்லறைகளில் பெயர் இருக்கிறது.

நம்மவரில் மாண்டோர் எத்தனை பேர்? கணக்கிடுவோர் கூறும் தொகைகள் பல்லாயிரக் கணக்கில் வேறுபடுகின்றன. தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் நாள்தோறும் பெயர் கூப்பிட்டுக் குறிக்கப்பட்ட மக்கள், காட்டில் மாண்டபோது குறிப்பார் இல்லை. மீண்டு வந்தவர்கள் சொன்னவற்றைப் பிற்காலத்தில் சிலர் கேட்டெழுதினர். எழுத்தாளர் சிலர் புதினமாக்கினர். அவர்கள் தொண்டு போற்றத்தக்கது. ஆயினும் அன்றன்று எழுதிய ஏட்டின் இடத்தை அவை நிரப்ப மாட்டா. உயிரும் போய், பெயரும் போன இழப்பு அது.

அம்மக்கள் மீது குறை சொல்லுதல் தகாது. பசியோடும் நோயோடும் போராடியவர்கள் அவர்கள். பலருக்கு எழுத்தறிவு கிட்டவில்லை. தாளும் கோலும் கிட்டவில்லை. குறை நம்முடையது. எழுத்தும் தாளும் ஓய்வும் பெற்ற நாம் என்ன எழுதுகிறோம்? நம் பாட்டன்மார் வாழ்ந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. கோயில் இருந்த இடம், பள்ளி இருந்த இடம், லயத்தில் யார் யார் குடியிருந்தனர் என்பவற்றை அறிந்த முதியோர் ஒவ்வொருவராய் மறைகின்றனர்.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

தமிழாசிரியர்கள் இப்பணியில் வழிகாட்டலாம். மாணவர்க்கு நாள்தோறும் ஐந்து வரி எழுதும் பழக்கத்தை உண்டாக்குக. அலங்கார நடை வேண்டுவதில்லை. நாள், இடம், சந்தித்தவர், வாங்கிய பொருளின் விலை, கேட்ட செய்தி ஆகியவை போதும். கண்டது எது, கேட்டது எது, கேட்டது யாரிடம் என்று பிரித்தெழுதக் கற்பித்தல் வேண்டும். வரையத் தெரிந்த பிள்ளை பழைய கிணற்றையோ கோயிலையோ வரைந்து வைக்கட்டும். வீட்டு முதியோர் சொல்லும் பழங்கதைகளைத் தனி ஏட்டில், சொன்னவர் பெயரோடும் சொன்ன நாளோடும் எழுதச் செய்க.

பிள்ளை எழுதியது அன்றாடப் பேச்சுத் தமிழ். பிழைகளைத் தேடினால் பக்கந்தோறும் காணலாம். ஆயினும் தமிழர் வரலாற்றின் இருபத்தைந்து ஆண்டுகளை அவ்வெழுத்துக் காத்துத் தந்தது. அவர் ஏட்டைத் திறந்த அந்த ஆவணி நாளில், பின்வரும் தலைமுறைகள் தம்மை நோக்கிக் காத்திருப்பதை அவர் அறிந்திருக்க இயலாது. நமக்கோ அது தெரியும். தெரிந்தும் எழுதாமலிருப்பது முறையாகுமா?