மார்பகப் புற்றுநோய்: வாப்பா வழியிலும் வரலாம்

"உம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது, எனக்கும் வருமா?" நம் வீட்டுப் பெண்கள் பலர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி இது. விடையை அறிய ஹார்மோன், மரபணு இரண்டையும் பார்க்க வேண்டும்.

ஹார்மோனின் வேலை

ஈஸ்ட்ரோஜன் மார்பக செல்களைப் பெருகத் தூண்டுகிறது. செல் பிரியும் ஒவ்வொரு முறையும் டி.என்.ஏ. நகலெடுக்கப்படுகிறது, அதில் பிழைகள் நேரலாம். அதனால்தான் இளவயதிலேயே பூப்பெய்துவதும் மாதவிடாய் தாமதமாக நிற்பதும் ஆபத்தைச் சற்றுக் கூட்டுகின்றன. தாய்ப்பால் கொடுப்பது அதைக் குறைக்கிறது.

மரபணுவின் வேலை

சேதமடைந்த டி.என்.ஏ.வைச் சரிசெய்ய உதவுபவை பி.ஆர்.சி.ஏ-1, பி.ஆர்.சி.ஏ-2 என்ற மரபணுக்கள். முதலாவது 17ஆம் குரோமோசோமில் இருப்பதை 1990இல் அமெரிக்க விஞ்ஞானி மேரி கிளேர் கிங் காட்டினார். இவற்றில் பழுது இருந்தால் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும்.

அமெரிக்காவில் பொதுவாக 100 பெண்களில் சுமார் 13 பேருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. இந்தப் பழுது உள்ள பெண்களில் 80 வயதுக்குள் ஏறத்தாழ 70 பேருக்கு வருகிறது. சினைப்பைப் புற்றுநோயின் ஆபத்தும் கூடுகிறது. ஆண்களும் விலக்கல்ல, குறிப்பாக பி.ஆர்.சி.ஏ-2 பழுது புரோஸ்டேட் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிறது.

ஆனால் மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதமே இவ்வாறு பரம்பரையாக வருபவை. குடும்பத்தில் ஒருவருக்கு வந்தாலே எல்லோருக்கும் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

யார் கவனிக்க வேண்டும்?

பழுது உம்மாவிடமிருந்தும் வரலாம், வாப்பாவிடமிருந்தும் வரலாம். இருவரில் ஒருவருக்கு இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனவே வாப்பாவின் சகோதரிகளுக்கு வந்த நோயையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கீழ்க்கண்டவை குடும்பத்தில் இருந்தால் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது:

* 50 வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோய்
* எந்த வயதிலும் சினைப்பைப் புற்றுநோய்
* ஆணுக்கு மார்பகப் புற்றுநோய்
* ஒரே வழியில் பலருக்கு இந்நோய்கள்

இயன்றவரை, நோய் வந்தவருக்கே முதலில் பரிசோதனை செய்வார்கள். அவரிடம் பழுது தெரிந்தால் மற்றவர்களுக்கு அதை மட்டும் தேடினால் போதும். பழுது உள்ளவர்களுக்கு இளவயதிலிருந்தே ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், தேவைப்பட்டால் மாத்திரை அல்லது தடுப்பு அறுவை சிகிச்சை என வழிகள் உள்ளன.

பெண்ணுக்குச் சம்பந்தம் தடைப்படும் என்று அஞ்சி நோயை மறைக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். அப்படி மறைப்பதால் அடுத்த தலைமுறைப் பெண் முன்கூட்டியே அறியும் வாய்ப்பை இழக்கிறாள். யாருக்கு, எந்த வயதில், என்ன நோய் என்பதை இரு வழியிலும் கேட்டு எழுதி வைப்போம். மருத்துவரும் முதலில் கேட்பது அதைத்தான்.